காவோனின் விரல் நின்ற இடம்

ஆசிரியை மிசுக், கதைப் புத்தகத்தை இடது கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டுதான் வாசிப்பாள். படங்கள் பிள்ளைகள் பக்கம் இருக்கும். எழுத்துகளைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொள்வாள். அவள் முகம் பிள்ளைகளை விட்டு விலகாது. தோங்யோங் துறைமுகத்துக்கு மேலே மேட்டில் இருக்கும் அந்த மழலையர் பள்ளியில் இருபத்தாறு வருடம் இப்படி வாசித்ததில், கழுத்து ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டது.

போன வருடம் வகுப்புக்குத் தொடுதிரை வந்தபோது அவள் முகம் சுளிக்கவில்லை. புத்தகத்தில் சும்மா நிற்கிற வாத்து, திரையில் விரல் பட்டதும் நடந்தது. வாய் திறக்காத பிள்ளைகூட எழுந்து ஓடிவந்தது. அந்த வருடம் முழுக்கப் புத்தகம் அலமாரியிலேயே கிடந்தது. ஆனால் கதையை முடிவுவரை கேட்கும் பொறுமை பிள்ளைகளிடம் குறைந்திருப்பதைப் பார்த்து, இந்த மார்ச்சில் இரண்டையும் சேர்த்தாள். முதல் நாள் புத்தகம்; மறுநாள் அதே கதையைப் பிள்ளைகள் திரையில் விரலால் நடத்துவார்கள்.

ஏப்ரலில் ஒரு காலை, வாத்து ஓடையில் விழும் பக்கத்தைத் திருப்பினாள். பன்னிரண்டு பிள்ளைகளில் பதினொன்று "ஐயோ!" என்று கத்தின. காவோன் மட்டும் கத்தவில்லை. கண் திறந்திருந்தது, இமை மட்டும் லேசாகத் துடித்தது. அடுத்த பக்கம் வந்ததும் விழித்துக்கொண்டவள் போலக் கேட்டாள்: "டீச்சர், வாத்து ஏன் நனஞ்சிருக்கு?"

அன்று மட்டும் இல்லை. அதன் பிறகு புத்தகம் வாசித்த ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு பக்கம் காவோனிடமிருந்து நழுவியது. அடுத்த திங்கட்கிழமை நீச்சல் வகுப்பு தொடங்குகிறது. கடலோர ஊரில் பிள்ளைகள் முதலில் மிதக்கக் கற்றாக வேண்டும். புத்தகத்தில் ஒரு பக்கம் போனால் போகட்டும். தண்ணீரில் பத்து விநாடி போனால்?

புதன்கிழமை வாசலில் மிசுக், காவோனின் அம்மாவான ஓக்ஜுவிடம் சொல்லிப் பார்த்தாள். சிப்பி உடைக்கும் கொட்டகையிலிருந்து ரப்பர் ஏப்ரனோடு அப்படியே வந்திருந்தாள் ஓக்ஜு.

"அது அவங்க அப்பா குணம் டீச்சர். முள்ளங்கி வாங்கிட்டு வாங்கன்னா, வழியில கப்பல வேடிக்க பாத்துட்டு வெறுங்கையோட வருவாரு."

"ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடலாமே, காவோன் அம்மா."

ஓக்ஜுவின் சிரிப்பு நின்றது. "எந்த டாக்டர்? மூள டாக்டரா? பொண்ணு பேருக்குப் பக்கத்துல அப்படி ஒண்ண எழுதிட்டாங்கன்னா யாரு அழிப்பா?"

தலைமை ஆசிரியையும் கையை விரித்தாள். "நீங்க டாக்டரா, மிசுக்? ஒரு பிள்ளைக்குக் கண்ணாடி போடணும்னு சொன்னதுக்கே அவங்கப்பா கல்வி அலுவலகத்துக்கு மனு எழுதினாரு. வெறும் வாயால போய் நிக்காதீங்க. கையில ஏதாவது வச்சுக்கிட்டுப் பேசுங்க."

கையில் என்ன இருக்கிறது? தான் பார்த்தது மட்டும்தான். வியாழக்கிழமை பிள்ளைகள் போன பிறகு வெறும் வகுப்பில் உட்கார்ந்திருந்தவளுக்குத் திரை நினைவு வந்தது. வாத்துக்கு வீட்டிலிருந்து ஓடைவரை விரலால் பாதை போடும் விளையாட்டில், ஒவ்வொரு பிள்ளையின் கோட்டையும் அது சேமித்து வைக்கும். காவோனின் பெயரைத் தொட்டாள். கோடு வீட்டை விட்டுக் கிளம்பியது, வளைந்தது, பாலத்தருகே நின்றது. "வா, வா, சீக்கிரம்!" என்று திரை மூன்று முறை கூப்பிட்டது. கோடு நகரவில்லை. பதினொரு விநாடி கழித்து, எதுவும் நடக்காதது போலக் கிளம்பியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், போன வருடமும் தன் வகுப்பில் இருந்த காவோனின் பழைய பதிவுகளைத் திறந்தாள். போன அக்டோபரிலும் ஒரு கோடு நின்றிருந்தது. நவம்பரில் இரண்டு. அந்த நாட்களில் தான் எங்கே நின்றோம் என்று மிசுக்குக்குத் தெரியும். விளக்கை அணைத்துவிட்டு, திரையைப் பார்த்தபடி, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

வெள்ளிக்கிழமை ஓக்ஜுவை உள்ளே கூப்பிட்டு, குட்டி நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"என்ன டீச்சர், என்னையும் வகுப்புல சேத்துட்டீங்களா?"

மிசுக் திரையில் காவோனின் பெயரைத் தொட்டாள். கோடு நின்றது. ஓக்ஜுவின் கட்டைவிரல், கத்தி பிடித்திருப்பது போல மடியில் தானாக அசைந்துகொண்டிருந்தது.

"இந்த நேரத்துல நாலு சிப்பி உடச்சிருப்பேன்," என்றாள் மெதுவாக. "இன்னொரு தடவ போடுங்க."

மூன்று தடவை பார்த்தாள்.

"இது போன அக்டோபர்லயே இருக்கு, காவோன் அம்மா. நான்தான் பாக்கல. அப்ப நான் திரையப் பாத்துக்கிட்டு நின்னேன்."

இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்கப்போவதில்லை. ஓக்ஜு வாசல் பக்கம் திரும்பினாள். வெளியே காவோன் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"வீட்ல பேசப் பேச அப்படியே நிப்பா. திமிருன்னு ரெண்டு அடிகூட போட்டிருக்கேன் டீச்சர்." ஏப்ரனில் கண்ணைத் துடைக்கப் போய், அதன் நாற்றத்தில் கையை இறக்கிக்கொண்டாள். "அத என் போன்ல ஏத்திக் குடுங்க. திங்கக்கிழம கொட்டகைக்கு வரலன்னு சொல்லிடறேன்."

திங்கட்கிழமை நீச்சல் குளத்தோரம் பதினொரு தொப்பிகளை மிசுக் திரும்பத் திரும்ப எண்ணினாள். பன்னிரண்டாவது அவள் பையில் இருந்தது. மதியம் பக்கத்து நகரமான ஜின்ஜுவின் மருத்துவமனையிலிருந்து ஓக்ஜுவின் போன் வந்தது.

"வேகமா ஊதுனா வருதான்னு பாக்க, டாக்டர் காத்தாடி ஒண்ணக் குடுத்து ஊதச் சொன்னாரு டீச்சர். ஊதிக்கிட்டே இருந்தவ, அப்படியே நின்னுட்டா. டாக்டர் கண்ணு முன்னாடியே. கை கால் இழுக்காத ஒரு மாதிரி வலிப்பாம். மருந்து இருக்காம். நின்னுபோனா நின்ன இடத்துல கூட ஆள் இருக்கணுமாம், அவ்வளவுதானாம்."

செவ்வாய்க்கிழமை மிசுக் தன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் போட்டு, பிள்ளைகளைப் பார்த்து உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தது. கையைப் பின்னால் நீட்டித் திரையைத் தொட்டாள்.

"டீச்சர், வாத்து மரத்துல முட்டுது!"

"டீச்சருக்கு ஒண்ணுமே தெரியல!"

"எனக்கு முதுகுல கண்ணு இல்ல. நீங்க வழி சொல்லுங்க."

பிள்ளைகள் கத்தின. விரல் மறுபடி தப்பியது. புத்தகத்தைப் பக்கவாட்டில் வாசிக்கப் பழகவே அவளுக்கு ஒரு வருடம் ஆயிற்று. இதற்கும் ஆகும். முன்வரிசையில் காவோனின் இமை துடித்தது. மிசுக்கின் கை திரையில் அப்படியே நின்றது. வாத்தும் நின்றது. பிள்ளைகள் சத்தத்தை அடக்கிக் காத்திருந்தன.

காவோன் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் வாத்து கிளம்பியது.