கணக்கெடுப்பு மைதானத்தில் ஒரு பெஞ்சு

லேன்ச்சே போலாக் ஆம்ஸ்டர்டாமில் பொத்தான் கடை வைத்திருந்தவள். வந்தவர் வாயைத் திறக்குமுன்பே பதில் சொல்லிவிடுவாள். பதினைந்து வயதில் அம்மாவோடு அவளை அடைத்து வைத்திருந்த முகாம் இப்போது வெறும் புல்வெளி. அங்கே மாண்ட யூதர்களுக்கு நிலையான நினைவிடம் கட்ட ஒரு குழு போட்டார்கள். பிழைத்து வந்தவர்கள் சார்பில் அறுபது தாண்டிய இவளையும் சேர்த்தார்கள். ஏன் சேர்த்தோம் என்று தலைவர் டெர்ஹோர்ஸ்ட் பிறகு பலமுறை யோசித்திருப்பார்.

கட்டடக் கலைஞர் வெசெல் வரைபடத்தை விரித்தார். அதில், கைதிகளை நிற்க வைத்து எண்ணிய மைதானம் முழுக்கக் கறுப்புக் கல்.

"அழகாத்தான் இருக்கு. உக்கார்றது எங்க, தம்பி?" என்றாள் லேன்ச்சே.

"இது நினைவிடம்மா. நின்னு, மௌனமா…"

"நின்னாச்சு. பனியில, எண்ணி முடிக்கிற வரைக்கும். எங்கம்மா அங்கதான் நின்னபடியே சரிஞ்சா. உக்காரக் கூடாதுங்கிறது அவனுங்க சட்டம். அதையே நீங்களும் போடணுமா?"

டெர்ஹோர்ஸ்ட் தொண்டையைக் கனைத்தார். "பெஞ்சு போட்டா பூங்கா மாதிரி ஆயிடும்மா. பிள்ளைங்க ஏறிக் குதிக்கும்."

"குதிக்கட்டுமே."

முகாம் இருந்த அந்த ஊரின் குழுக்களில் கை தூக்கி ஓட்டெடுக்கும் வழக்கம் கிடையாது. கடைசி ஆளும் சரி என்று சொன்ன பிறகுதான் எழுந்திருப்பார்கள். மற்ற எல்லோரும் வரைபடத்துக்குச் சரி சொல்லிவிட்டார்கள். லேன்ச்சே பையிலிருந்து பின்னல் ஊசியை எடுத்தாள்.

டெர்ஹோர்ஸ்டுக்கு மாலை ஆறு மணிக்கு இரவுச் சாப்பாடு. தேவாலயக் கடிகாரத்தையே அவர் வயிற்றைப் பார்த்துத்தான் திருத்துவார்கள் என்று ஊரில் பேச்சு. வெளிச்சம் மங்க மங்க அவர் நாற்காலியில் நெளிந்தார். வீட்டில் உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது.

"லேன்ச்சேம்மா, நேரமாகுது."

"எனக்கு அவசரமில்ல தலைவரே. சாப்பிடாம இருக்கிறதுல எனக்கு நல்ல பயிற்சி."

யாராலும் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. அப்போது தலைவரின் வயிறு, கதவு கிறீச்சிடுவதுபோல் நீளமாக ஒரு கருத்துச் சொன்னது.

"சரி, ஒண்ணே ஒண்ணு," என்றார் அவர்.

"நாலு. முதுகு சாய்க்கிற மாதிரி."

தலைவர் தலையாட்டுவதற்குள் வெசெல் பென்சிலை எடுத்துவிட்டார்.

திறப்பு விழா முடிந்து எல்லோரும் போன பிறகு லேன்ச்சே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. வாயிலைப் பூட்ட வந்த காவலர் பார்த்தார். சாவிக்கொத்து சத்தம் போடாமல் இருக்க அதைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்து பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார்.