ஒரு மணிக்கு நிற்கும் கிரேன்

கால் நீட்ட முடியாத ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள், இருபது மாடி உயரத்தில், அவருடைய பகல்கள் கழிந்தன. கிரேன் ஓட்டுநர். கட்டட வேலையாட்கள் வைத்த பெயர் பருந்து. ஏணியில் இறங்க இருபது நிமிஷம், ஏற அரை மணி. அதனால் பருந்து மதியம் தரைக்கு வருவதில்லை. பகலெல்லாம் வெறும் டீ. மாலையில் இறங்கியதும் இரண்டு ஆள் சாப்பாடு. பதினோரு வருஷம் வயிறு இந்த அநியாயத்தைப் பொறுத்துக்கொண்டது.

ஒரு நாள் கம்பிக்கட்டு தொங்கிக்கொண்டிருக்கும்போது கை நடுங்கியது, கண் இருண்டது. கட்டு ஆடிப்போய்ச் சுவரில் இடித்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. மருத்துவர், சர்க்கரை தாறுமாறாக ஏறி இறங்குகிறது என்றார். வேளாவேளைக்கு, அளவாக, கவனித்துச் சாப்பிட வேண்டும்; மூன்று மாதத்தில் சீராகாவிட்டால் தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். சான்றிதழ் இல்லையென்றால் கூண்டு இல்லை. வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

மனைவி மூன்று டப்பா கட்டிக் கொடுத்தாள். கீழே நின்று சைகை காட்டும் தன் தம்பிக்கும் ஒன்று. எல்லாம் காலியாகவே திரும்பின. ஆனால் அவர் ஒரு கை நெம்புகோலில், கண் கொக்கியில் என்று வைத்துக்கொண்டு, மறு கையால் வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரை இறங்கவில்லை. சந்தேகப்பட்ட மனைவி, தினமும் மாலையில் இன்றைக்கு என்ன காய் என்று கேட்க ஆரம்பித்தாள். அவருக்கு நினைவில்லை. மைத்துனன் கைகொடுத்தான். வேலை முடியும் நேரத்தில் அவன் டப்பாவில் இருந்த காயின் பெயர் வாக்கி டாக்கியில் மேலே போய்விடும்.

பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள், "முட்டைக்கோஸ். நல்லா இருந்துச்சு" என்றார்.

"முட்டைக்கோஸ் என் தம்பி டப்பாவுல வச்சேன். உங்களுக்கு பீட்ரூட். விரலைப் பாருங்க."

நகக்கண் இன்னும் சிவப்பாக இருந்தது. கூடவே வீட்டுக்கு வந்திருந்த தம்பி மெல்ல எழுந்து செருப்பைத் தேடினான்.

"உக்காருடா. உன் மச்சானுக்கு நீதான் நாக்கா?"

அழப்போகிறாள் என்று நினைத்தார். அவள் டப்பாவைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "கையில அள்ளுறது என்னன்னு தெரியாத கண்ணை நம்பி அத்தனை பேரு கீழ நடக்குறாங்க. அதுல ஒருத்தன் என் கூடப்பொறந்தவன்."

மறுநாள் ஒரு மணிக்குக் கொக்கியைக் காலியாக மேலே ஏற்றிவிட்டு இயந்திரத்தை அணைத்தார். கான்கிரீட் லாரி காத்துக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் வாக்கி டாக்கியில் கத்தினார். வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்றார்.

"சாப்பிடறேன் சார். அரை மணி."

டப்பாவைத் திறந்தார். பீன்ஸ். உப்பு ஒரு கல் குறைவு. மென்றார். பாதியிலேயே வயிறு போதும் என்றது. அது பேசும் என்பதே அவருக்குப் புதிது. கீழே மைத்துனன் லாரிக்காரரிடம் அடி வாங்காத குறையாகப் பேச்சு வாங்கினான்.

அந்த அரை மணிக்காக மேற்பார்வையாளர் நாள் தவறாமல் முறைத்தார். மூன்றாம் மாதம் மருத்துவர் கையெழுத்துப் போட்டார். பருந்து நாற்காலியை விட்டு எழவில்லை.

"இன்னொண்ணும் எழுதிக் குடுங்க சார். மதியம் ஒரு மணிக்கு அரை மணி நேரம் கிரேன் நிக்கணும்னு."

மருத்துவர் எழுதினார். மேற்பார்வையாளர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு ஃபோனை எடுத்து, இனிமேல் கான்கிரீட் லாரி ஒன்றரைக்கு வந்தால் போதும் என்றார்.