பாதிக் குளிர்

வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்னால் நான் என் வயரைக் கழற்ற வேண்டும். வண்டியின் வயரை அல்ல, என்னுடைய வயரை. நான் போட்டிருக்கும் ஜாக்கெட்டின் துணிக்குள் மெல்லிய கம்பிகள் ஓடுகின்றன. இடுப்போரத்திலிருந்து ஒரு வயர் வந்து, சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரியோடு சேர்கிறது. வண்டி ஓடுகிற வரைக்கும் நெஞ்சும் முதுகும் கைகளும் இளஞ்சூடாக இருக்கும். கழற்ற மறந்து இறங்கினால் கட்டுத்தறிக் கன்றுக்குட்டி மாதிரி சுண்டி இழுத்து நிறுத்திவிடும். போலந்து நாட்டில் ஒரு நகரத்தில், ஓர் உணவகத்துப் பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. நான் இழுபட்டு நிற்பதைப் பார்த்தால் நடைபாதையில் போகிறவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொள்வார்கள். இந்த ஊர் மரியாதை அது.

ஜாக்கெட் நான் வாங்கியது இல்லை. என் தாய்மாமன் மகன் பூபதி கொடுத்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் சத்தியமங்கலத்துப் பூவைச் சொல்லியாக வேண்டும்.

மாமாவின் தோட்டத்தில் சம்பங்கி. விடிவதற்குள் பறித்து, நனைத்த கோணியில் கட்டி, கோயமுத்தூர்ப் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். எங்களுக்கு இருபது வயசு தாண்டியிருந்த காலத்தில் நானும் பூபதியும்தான் ஒரே வண்டியில் போவோம். மார்கழி, தை மாதங்களில் அந்தச் சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், காற்று சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்து உள்ளே வரும். போதாததற்கு டேங்க்கின் மேல் ஈர மூட்டை. பூவுக்குக் குளிர்ச்சி வேண்டும், எங்களுக்குச் சூடு வேண்டும், இரண்டும் ஒரே வண்டியில் போயாக வேண்டும். உர மூட்டையின் உள்ளே வரும் பிளாஸ்டிக் உறையை நெஞ்சில் கட்டி, அதன் மேல் செய்தித்தாளை மடித்து வைத்து, மேலே சட்டையைப் போட்டுக்கொள்வோம். ஆனாலும் முன்னால் இருப்பவனுக்குத்தான் முழுக் குளிரும். பின்னால் இருப்பவன் அவன் முதுகில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டே வரலாம். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பாதி வழியில் புளியம்பட்டி வந்ததும் வண்டி நிற்கும். சாவியை எடுக்கவும் மாட்டோம், பேசவும் மாட்டோம். முன்னால் இருந்தவன் இறங்கிப் பின்னால் ஏறுவான், பின்னால் இருந்தவன் முன்னால் வருவான். காய்ச்சல் என்றாலும் இது மாறியதில்லை. ஆளுக்குப் பாதிக் குளிர்.

போலந்துக்குப் பூபதிதான் முதலில் வந்தான். பின்னாலேயே என்னையும் கூப்பிட்டுக்கொண்டான். உணவகத்தில் இரண்டு வேலைகள் இருந்தன: ஒருவன் வண்டியில் போக வேண்டும், ஒருவன் சமையலறையில் பாத்திரம் கழுவ வேண்டும். பூபதி யோசிக்கவே இல்லை. "ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நானு. நம்ம புளியம்பட்டிக் கணக்குத்தான்டா" என்றான். இரண்டு குளிர்காலம் அப்படித்தான் போனது. திங்கட்கிழமை காலையில் ஒருவன் கையுறையைக் கழற்றி மேசையில் வைப்பான், இன்னொருவன் எடுத்துக்கொள்வான். அந்நிய நாட்டில் இருக்கிறேன் என்பதே பல நாள் எனக்கு உறைக்காமல் இருந்ததற்கு இந்த ஏற்பாடுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

போன குளிர்காலத்தின் கடைசியில் என் வலது கையில் இரண்டு விரல்கள் வெளுத்து மரத்துப்போயின. இனிமேல் குளிரில் அதிகம் இருந்தால் விரல் உங்களுக்கு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்று அதைக் கேட்டவன் பூபதி. சீக்கிரமே இரண்டு பேரும் உள்ளே இருக்கிற வேலையாகப் பார்த்துப் போய்விடலாம் என்று அன்று அவன்தான் சொன்னான்.

இந்தக் குளிர்காலம் தொடங்கியபோது ஒருநாள் இந்த ஜாக்கெட்டைக் கொண்டுவந்து என் தோளில் போட்டான். அவன் ஆசைப்பட்டு வாங்கி, என்னிடம் பெருமை அடித்துக்கொண்ட ஜாக்கெட். "நீயே போட்டுக்க. உன் விரலுக்குக் குளிரு ஆகாது" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பூபதி புராணம் பாடினேன். அடுத்த வாரம், "கொஞ்ச நாளைக்கு வேற பக்கம் வேலைக்குப் போறேன், வண்டியப் பாத்துக்க" என்று கிளம்பினான். கழுவுகிற வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டான். நான் வண்டியோடு நின்றேன்.

உணவகத்துச் சமையல்கார அம்மாளை எல்லோரும் பானி இரேனா என்பார்கள். இரேனா அம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். பூபதி கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்பு ஒருநாள் அவர் ஜன்னல் வழியாக வண்டியைக் காட்டி, பிடிக்குமா என்பது போலக் கட்டை விரலை உயர்த்தினார். சீட்டின் மேல் ஜாக்கெட் கிடந்தது. ஜாக்கெட்டைத்தான் கேட்கிறார் என்று, "தாக், தாக்" என்று தலையை ஆட்டினேன். ஆமாம் என்று அர்த்தம். எனக்குச் சரளமாக வரும் ஒரே போலிஷ் சொல்லும் அதுதான். அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டார். பூபதி போன பிறகு, ஒரு மாலையில் விரலைத் தேய்த்தபடி நான் அடுப்போரம் நின்றதைப் பார்த்து, தன் கைப்பேசியில் ஏதோ பேசி என் முன்னால் நீட்டினார். கைப்பேசி செந்தமிழில் பேசியது. "என் கணவரின் கிடங்கில் இரண்டு ஆட்களைக் கேட்டார்கள். நான் உங்கள் இருவரையும் சொன்னேன். உங்களுக்கு வண்டிதான் பிடிக்கும், கிடங்கு வேண்டாம் என்று உங்கள் சகோதரர் கூறினார். நானும் கேட்டேன், நீங்களும் ஆமாம் என்றீர்கள். அவர் மட்டும் சேர்ந்துகொண்டார், உங்கள் இடத்துக்கு வேறு ஒருவர் வந்துவிட்டார். உங்களுக்கு ஏன் குளிர் இவ்வளவு பிடிக்கிறது?"

அன்று இரவு, நாங்கள் சேர்ந்தே தங்கியிருக்கும் அறைக்கு வந்த பூபதியிடம் கேட்டேன். அவன் மறுக்கக்கூட இல்லை.

"உனக்கு வண்டின்னா உசுரு. நாள் பூராவும் உள்ளயே நின்னு பொட்டி அடுக்கறது உனக்குத் தாங்காதுன்னு நெனச்சேன்."

"என்ற விரலு சமாச்சாரம் உனக்குத் தெரியாதாக்கும்?"

"அதுக்குத்தான் ஜாக்கெட்டக் குடுத்துப்போட்டேன்ல?"

ஏன் செய்தான் என்று இன்றைக்கு வரை தெரியாது. நான் கூட இருந்தால் அவன் எப்போதும் பாதி ஆளாகவே இருக்க வேண்டும் என்று சலித்துவிட்டானோ என்னவோ. துரோகம் என்றால் முதுகில் குத்துவது என்கிறார்கள். என் முதுகுக்கு இவன் சூடு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். கழற்றி அவன் முகத்தில் எறியலாம் என்று தினமும் தோன்றும். எறிந்தால் விரல் போய்விடும். வயிறு எரிய எரிய, தினமும் அதையே எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.

பொங்கலுக்கு நான் மட்டும் ஊருக்குப் போனேன். பூபதிக்குப் புது வேலை, லீவு இல்லை. மாமா வீட்டில் இலை போட்டதுமே அத்தை ஆரம்பித்துவிட்டார்.

"விரலு எப்படியிருக்குதுங்க கண்ணு? எம்பையன் போட்டிருந்ததையே உங்களுக்குக் கழட்டிக் குடுத்துப்போட்டானாமா. இப்ப வெறும் சொட்டரப் போட்டுக்கிட்டுத்தான் அந்தக் குளிர்ல வண்டி ஓட்டறானாம். எனக்குச் சோறு எறங்க மாட்டீங்குது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு அக்கா, கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டானுங்க என்றார். அந்தக் கிடங்கில் எல்லோரும் அரைக்கைச் சட்டையோடு நடமாடுகிறார்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அத்தை என் இலையில் இன்னும் கொஞ்சம் பருப்பை ஊற்றினார். சாப்பிட்டேன்.

மறுநாள் விடியலில் மாமாவோடு பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். டேங்க்கின் மேல் ஈர மூட்டை, மாமா முன்னால், நான் பின்னால். போலந்துப் பனியையே பார்த்தவன் என்ற திமிரில் வெறும் சட்டையோடு ஏறிவிட்டேன், பல் தந்தி அடித்தது. புளியம்பட்டியில் மாமா வண்டியை நிறுத்தினார். சாவியை எடுக்காமல் இறங்கி, பின்னால் வந்து நின்றார்.

"உங்க கணக்குத்தானுங்க மாப்பிள்ளை. அங்கயும் ரெண்டு பேரும் இப்படித்தான மாத்தி மாத்தி ஓட்டறீங்க?"

மங்கிய வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். மகனைப் பற்றிய பெருமை தவிர அதில் வேறெதுவும் இல்லை.

"ஆமாங்க மாமா" என்றேன்.

முன்னால் ஏறி உட்கார்ந்தேன். மாமா என் முதுகில் சாய்ந்துகொண்டார். கோயமுத்தூர் வரும் வரைக்கும் என் பங்குக் குளிரை நான் வாங்கினேன். நெஞ்சு நனைந்து நடுங்கியது. ஆனால் இந்த ஆண்டு நான் பட்ட குளிரில் அது ஒன்றில்தான் எனக்கு வருத்தம் இல்லை.

இப்போது மறுபடியும் இங்கே. உணவகத்துக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் ஓர் ஆற்றுப் பாலம், அதற்கு முன்னால் ஒரு சிக்னல். நேற்று மாலை சிவப்பு விழுந்து நின்றேன். ஒரு காலை உறைபனியில் ஊன்றினேன். பாதி வழி வந்துவிட்டது என்று உடம்பு தானாக நினைத்திருக்க வேண்டும். மற்றக் காலைத் தூக்கி, பின்னால் ஏறுவதற்காக இறங்கப் போனேன். இடுப்பில் வயர் சுண்டி இழுத்தது. திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டில் சாப்பாட்டுப் பெட்டி இருந்தது.