செம்மண் ரோட்டில் இழுத்த டயர்

சிதம்பரம் சார் போய்விட்டார் என்று மாட்டுப்பட்டியிலிருந்து வந்த பால் வண்டிக்காரன்தான் சொன்னான். குடித்துக்கொண்டிருந்த கட்டஞ்சாயாவைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எஸ்டேட் பள்ளியில் சாரிடம் படித்தவர்கள் கேளுங்கள்.

ஓடுகிற வண்டியில் பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரம் போய் நிற்கும்? அந்தக் கணக்கை உங்களுக்குக் கரும்பலகையில் போட்டவர், என் மகன் முருகேசனுக்காக ரோட்டில் போட்டார். தேயிலைக் கொழுந்து ஏற்றிவந்த அவன் டிராக்டர் வளைவில் சறுக்கி மோதியதில், எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பொன்னம்மா செத்துப்போனாள். செம்மண்ணில் டயர் சறுக்கிய தடம் நீளமாகக் கிடந்தது. பேய் வேகத்தில் வந்திருக்கிறான் என்று போலீஸ் அடைத்துவிட்டது. எமர்ஜென்சி காலம், வக்கீலே பயந்து பயந்துதான் பேசினார். பொன்னம்மாவின் புருஷன் மாடசாமி என் வாசலில் நின்று, “ஒம் மவன் வேகத்துக்கு எம் பொண்டாட்டிதான் கெடைச்சாளா?” என்று கத்தினான். முருகேசன் வேகமாக வந்தானா என்று எனக்கே தெரியாதே.

சார் ஒரு பழைய டயரில் கல்லைக் கட்டி, கொழுந்து நிறுக்கும் வில் தராசை மாட்டிக் கயிற்றை என்னிடம் தந்தார். நல்ல வெயில்.

“வெடுக்குனு இழுக்காதீரும் வே, ஒரே சீரா இழும். ரோடு எம்புட்டுப் பிடிக்குதுன்னு தராசு சொல்லும்.”

முள்ளைப் பார்த்து, தடத்தின் நீளத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டவர் முகம் தொங்கிப்போனது. “வேகமாத்தான் வந்திருக்கான் வே.”

காலில் விழுந்தேன். “கொறச்சு எழுதிருங்க சார். ஒத்தப் பிள்ள.”

“எழுதிருவேன். திரும்ப இழுத்துக் காட்டுன்னு கோர்ட்ல கேட்டா, டயருக்குப் பொய் சொல்ல யாரு வே சொல்லிக்குடுப்பா?”

அன்று வீட்டில் உலை வைக்கவில்லை. மறுநாள் தூறல். சார் குடைகூட இல்லாமல் லயத்துக்கு ஓடிவந்தார். “எம் புத்தி எங்க போச்சு! அன்னைக்கும் இப்படித்தான வே தூறுச்சு? காஞ்ச ரோட்டுல இழுத்துட்டு, ஈர ரோட்டுக்குக் கணக்குப் போட்டிருக்கேன். டயரத் தூக்கும்.”

அதே வளைவில் இழுத்தேன். டயர் சோப்புப் போல வழுக்கிக்கொண்டு வந்தது. முள் பாதிகூட ஏறவில்லை. ரோடு பிடிக்காததால்தான் தடம் நீண்டிருக்கிறது. வண்டி மெதுவாகத்தான் வந்திருக்கிறது.

சார் உடனே வக்கீலிடம் போகவில்லை. மாடசாமியைக் கூட்டிவந்து, அவன் கையில் கயிற்றைக் கொடுத்தார். “நீயே இழுத்துப் பாருப்பா.”

மாடசாமி இழுத்தான். திரும்பவும் இழுத்தான். பிறகு சகதியிலேயே உட்கார்ந்துவிட்டான். “அப்போ நான் யாரத்தான் சார் ஏசுறது?”

அவனருகே சகதியில் சாரும் உட்கார்ந்தார்.

கணக்கைக் கோர்ட்டில் சொன்னார்; முருகேசன் வெளியே வந்தான். அதன்பின் அவன் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

நேற்று சாரைப் பாடையில் தூக்கிக்கொண்டு அந்த வளைவில் இறங்கினோம். தூறல்தான். முன்னால் முருகேசன், பின்னால் மாடசாமி. ஒருவன் கால் சறுக்கினால் மற்றவன் நின்று, இருவரும் சேர்ந்தே வந்தார்கள். நான் கேட்ட பொய்யைச் சார் எழுதித் தரவில்லை. எனக்கென்று அவர் விட்டுப்போனது அதுதான். எழுதித் தந்திருந்தால் மாடசாமி நேற்று தோள் கொடுத்திருக்க மாட்டான்.