தூக்கிய பெட்டிக்குக் கீழே

ஆளைக் குதிக்க வைக்குமுன் ஹியூபேட் ஒரு சிலுவை அடையாளம் போடுவார். டீவி விளையாட்டுக்குள்ளே அந்தப் புதையல்காரன் மலை விளிம்பில் ஒற்றைக் கயிற்றைப் பிடித்தபடி நிற்பான். கீழே கடல் கொந்தளிக்கும். ஹியூபேட்டின் கண் முதலில் போவது கயிற்றுக்குத்தான். "இதென்ன கயிறு? உடுப்புக் காயப்போடவும் உதவாது. மச்சான், கொஞ்சம் பொறு," என்று அவனுக்குச் சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அமத்துவார். பத்துக்கு ஆறு தடவை அவன் கடலில் விழுவான். "கயித்தில பிழை," என்பார். தன் விரலில் பிழை என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

உள்ளதைச் சொன்னால், பிழை விரலில்தான். ஐம்பத்திரண்டு வயது, கொழும்புத் துறைமுகத்தில் இருபத்தேழு வருடம் கிறேன் ஓட்டிய கை. போன தவக்காலத்தில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு நின்றவருக்குப் பாரிசவாதம் வந்து, வலது கை இழுத்துக்கொண்டது. கால் தப்பியது. பேச்சும் தப்பியது. "அதையாவது ஆண்டவர் எடுத்திருக்கலாம்," என்பாள் மனைவி டோரின், சிரித்துக்கொண்டு. கிறேனில் பெட்டியைத் தூக்குவதும் இறக்குவதும் வலது லீவர். ஒக்டோபரில் துறைமுகத்து டொக்டர் கையைச் சோதிப்பார். தேறினால் மறுபடியும் மேலே. தேறாவிட்டால் ஓய்வு பெறும்வரை வாசலில் இருந்து லொறிக்காரருக்கு நுழைவுத் துண்டு கொடுக்கிற கதிரை.

"துண்டு குடுக்க ஹியூபேட் என்னத்துக்கு? ஆணியில குத்தி வைச்சா அவனவன் கிழிச்சுக்கொண்டு போவான்," என்று சொல்லுவார். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்.

கைக்குப் பயிற்சி கொடுக்கும் சுரேகா என்ற பிள்ளை முதலில் ஒரு ஸ்பொஞ்ச் பந்து கொடுத்தாள், நாளும் பிசையச் சொல்லி. நாலு நாள் பிசைந்தார். ஐந்தாம் நாள் அந்தப் பந்தால் டோரின் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். "அங்கிள், பந்து பிடிக்காட்டி வேற என்னவும் செய்யுங்கோ. பெருவிரல் மட்டும் சும்மா இருக்கப்படாது," என்றாள் சுரேகா. அப்போதுதான் அலுமாரிக்கு மேலே கிடந்த டீவி விளையாட்டுப் பெட்டி ஞாபகம் வந்தது. டோரினின் கடைசித் தம்பி ஷெல்டன் டோகாவுக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போனது. ஷெல்டனின் தாயும் ஹியூபேட்டின் பெரியம்மாவும் ஒரே வருடம் ஒரே கோயிலில் புதுநன்மை எடுத்தவர்கள். அந்த உறவில்தான் டோரினையும் கட்டினார். ஆகவே பெட்டியைக் கேட்டு எடுக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

கையில் பிடிக்கிற சாமானுக்கு அவர் வைத்த பெயர் லீவர். காலை ஒன்பது மணிக்குப் பாணும் சம்பலும் முடித்து, சாரத்தை இறுக்கிக் கட்டி, முதுகு நிமிர்ந்து உட்காருவார். கிறேன் கூண்டுக்குள் உட்கார்ந்த மாதிரியே இருக்கும்.

செப்டெம்பரில், மாதாவின் பிறந்தநாளுக்கு முதல் நாள், புதையல்காரன் ஒரு பழைய துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தான். அங்கேதான் எல்லாம் நின்றது. புதையல் வரைபடம் இருக்கிற சரக்குக் கிட்டங்கிக்குப் போக ஒரேயொரு ஒடுங்கிய ஒழுங்கை. அதை ஒரு கொண்டெய்னர் அடைத்துக்கொண்டிருக்கிறது. கிறேனில் ஏறி அதைத் தூக்கிவிட்டு இறங்கி, கயிறு அறுந்து அது விழுமுன் அடியால் ஓட வேண்டும். விளையாட்டைச் செய்தவர்கள் வைத்த வழி அது. ஹியூபேட் தூக்கினார். இறங்கினார். ஓடமாட்டேன் என்று நின்றுவிட்டார்.

"தூக்கின பெட்டிக்குக் கீழால ஆள் போறதா? எந்த மடையன்டா இந்த யாட் நடத்துறான்?"

ஷெல்டன் டோகாவிலிருந்து போனில் கெஞ்சினான். "அத்தான், மூண்டு செக்கன்தான். கண்ணை மூடிக்கொண்டு ஓடுங்கோ."

"உன்ர அக்காவை அனுப்பவா கீழால?"

"என்னை ஏன் இழுக்கிறீங்க?" என்றாள் டோரின் குசினியிலிருந்து. "அது பொய்க் கொண்டெய்னர், மனுசா!"

"பொய்தான். இவனை விட்டுப் பழகினா நாளைக்கு மெய்யான ஒருத்தனையும் விடுவன்."

டோரினுக்கு அந்தக் கதை தெரியும். ஹியூபேட்டின் பெரியப்பா சவிரிமுத்து எழுபத்து நாலாம் ஆண்டில் சீனி மூட்டை ஏற்றிய வலை அறுந்து, அதன் கீழே அகப்பட்டுச் செத்துப்போனவர். கிறேனில் அன்றைக்கு இருந்தது அவருடைய சொந்தத் தம்பி, ஹியூபேட்டின் அப்பா நிக்கலஸ். நிக்கலஸ் அதன்பிறகு சீனி போட்டுத் தேத்தண்ணி குடித்ததில்லை.

ஹியூபேட் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தார். தண்ணீர்த் தாங்கிக்கும் உடைந்த லொறிக்கும் நடுவில் ஒரு வெற்றிடம், கொண்டெய்னர் மட்டுமட்டாக அடங்கும். அதில் இறக்கி வைத்துவிட்டால் ஒழுங்கையும் திறக்கும், தலைக்கு மேலே ஒன்றும் தொங்காது. ஆனால் பெருவிரல் ஒரு மயிரளவு நடுங்கினாலும் பெட்டி ஊஞ்சல் ஆடித் தாங்கியில் மோதும்; விளையாட்டு முதலிலிருந்து தொடங்கும். மோதியது. மறுநாளும் மோதியது. செபமாலை மாதமான ஒக்டோபர் பிறந்தும் மோதிக்கொண்டே இருந்தது. டோரின் ஒரு நாள், "டொக்டரட்டப் போக இன்னும் ஒரு கிழமைதான் கிடக்கு. வேற இடத்துக்குப் போய் விளையாடுங்கோவன்," என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "கை ஆட்டம் குறையுது, பாக்கேல்லயா?" என்றார். அவள் பார்த்தாள். குறைந்துதான் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை அவள் வெங்காயம் உரித்த கையோடு எட்டிப் பார்த்தபோது வீடு அமைதியாக இருந்தது.

"என்ன, இண்டைக்கு இடிச்ச சத்தத்தைக் காணேல்ல?"

"வைச்சிட்டன்."

பெட்டி வெற்றிடத்தில் இருந்தது. புதையல்காரன் ஓடாமல், சந்தைக்குப் போகிறவன் போல, திறந்த ஒழுங்கையால் நடந்து போனான். வரைபடத்தை எடுக்கக்கூட ஹியூபேட் காத்திருக்கவில்லை. டீவியை நிற்பாட்டிவிட்டு, பெருவிரலை முகத்துக்கு நேரே பிடித்து மடக்கி நிமிர்த்திக்கொண்டிருந்தார். டோரின் மூக்கை உறிஞ்சினாள். வெங்காயம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

சோதனையன்று டொக்டர் குண்டூசி பொறுக்க வைத்தார், திருகாணி பூட்ட வைத்தார். பிறகு மேற்பார்வையாளர் மீரா சாஹிப் ஹியூபேட்டைக் கொண்டெய்னர் யாட்டிலிருந்த சின்னக் கிறேனில் ஏற்றி, வெறும் கொண்டெய்னர் ஒன்றைத் தூக்கி இறக்கச் சொன்னார். இறக்கினார். மீரா சாஹிப் கீழே நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். "கொஞ்சம் ஆடுது ஹியூபேட். ஆனா வெக்க வேண்டிய இடத்துல வெச்சிட்டீங்க." மூன்று மாதம் சின்னக் கிறேன், அரை நாள், பக்கத்தில் ஒரு ஆள், பிறகு மறுபடி சோதனை, தேறினால் பெரிய கிறேன். அப்படித்தான் கடதாசியில் எழுதினார்கள்.

கடதாசியில் ஒப்பமிட வேண்டும். மேசையில் இருந்த சிங்களப் பொடியன் நல்ல மனதுக்காரன். அவருடைய கையைப் பார்த்தான்; மைப்பெட்டியைத் திறந்து, பெருவிரல் வைக்கச் சொல்லி முன்னே தள்ளினான். "அய்யே, மெதன," என்றான்; அண்ணே, இங்கே என்று.

ஹியூபேட் இடது கையால் மைப்பெட்டியின் மூடியைச் சாத்தினார். "மல்லி, பேனை," என்றார், அவனைச் சிங்களத்திலேயே தம்பி என்று கூப்பிட்டு.

முதலெழுத்துப் போட்டாலே போதும். அவர் அப்பாவின் பெயரிலிருந்து தொடங்கினார். பின்னால் நின்ற வரிசை இருமியது. நிக்கலஸ் ஹியூபேட் என்று, சரிவில் ஏறுகிற வண்டி மாதிரி, கடைசி எழுத்து வரைக்கும் எழுதி முடித்தார். பேனையைத் திருப்பிக் கொடுக்கப் போனவர், நின்று, குனிந்து, விடுபட்டுப் போன மூன்று புள்ளிகளையும் ஒவ்வொன்றாக அதனதன் எழுத்துக்கு மேலே வைத்தார்.