நடுப்பலகை

காட்டு வாசலில் டிக்கெட் கிழிக்கிறவளுக்கு ஊர் வைத்த பெயர் ஏரியக்கா. அந்த ஏரியை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

வாசலில் சிமெண்ட் தரை முடிகிற இடத்தில் நடைபாதை தொடங்கும். முதலில் வேர்கள், பிறகு கற்கள், ஒரு ஓடை, அதைத் தாண்டி ஏற்றம், கடைசியில் ஏரி. வருகிறவர்கள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, அப்படி என்ன இருக்கிறது உள்ளே என்று கேட்பார்கள். ஏரியக்கா ஆரம்பிப்பாள். வளைவு திரும்பியதும் தண்ணீர் எப்படித் திடீரென்று வரும், காலையில் என்ன நிறம், வெயில் சாய்ந்தால் எப்படி ஈயம் பூசின மாதிரி ஆகிவிடும், எந்த மரத்தடியில் உட்கார்ந்தால் காற்று நன்றாக வரும் என்று பிட்டுப் பிட்டு வைப்பாள். அத்தனையும் கேள்வி ஞானம். போய்விட்டுத் திரும்புகிறவர்களிடம் வாயைக் கிளறிச் சேர்த்தது. "நீங்க சொன்ன மாதிரியே இருந்துச்சுக்கா" என்று மறுபடி அவளிடமே வந்து சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு அவள் சக்கர நாற்காலியில் இருப்பது பாதி நேரம் தெரியாது. டிக்கெட் மேசை அதை மறைத்துவிடும்.

சின்ன வயதில் வந்த காய்ச்சல் கால்களைக் கொண்டுபோய்விட்டது. அதன் பிறகு அவளை ஆள் மாற்றி ஆள் தூக்கினார்கள். பள்ளிக்கூடத்துக்கு அப்பா, ஆஸ்பத்திரிக்குச் சித்தப்பா, கல்யாணத்துக்குப் போனால் அண்ணன்கள் இரண்டு பேரும். தூக்கியவர்கள் யாரும் முகம் சுளித்ததில்லை. ஆனால் தூக்கியவர் எந்தப் பக்கம் திரும்பினாரோ அந்தப் பக்கத்தைத்தான் அவளால் பார்க்க முடிந்தது. அவர் நின்றால் நிற்க வேண்டும், கிளம்பினால் கிளம்ப வேண்டும். பெண் பார்க்க வந்த தச்சரிடம் அவள் போட்ட ஒரே நிபந்தனை, "என்னைத் தூக்கக் கூடாது. நான் ஒன்னும் மூட்டை இல்லை" என்பது. தச்சர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். சொன்ன சொல்லை இன்றுவரை மீறவில்லை. வீட்டு வாசற்படிகளை முதல் வாரமே உடைத்துச் சரிவாக்கிவிட்டார்.

வேலை முடிந்த பிறகு தினமும் அவள் சிமெண்ட் முடிகிற இடம் வரை உருட்டிக்கொண்டு போவாள். முதல் வேருக்கு முன்னால் சக்கரத்தை நிறுத்திவிட்டு, பாதை மரங்களுக்குள் போய் மறைகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போக வேண்டும், பின்னால் யாருடைய கையும் இல்லாமல் தனியாகப் போக வேண்டும், நினைத்த இடத்தில் நின்று நினைத்த நேரம் பார்க்க வேண்டும். அவளுக்கு இருந்த ஏக்கம் அவ்வளவுதான். ஆனால் அது நெஞ்சு முழுக்க இருந்தது.

நடக்க முடியாதவர்களும் ஏரி வரை போகட்டும் என்று ஒரு வருஷம் வன அலுவலகத்துக்கு ஞானம் பிறந்தது. ஓடைக்கும் வேருக்கும் மேலே பலகைப் பாதை, ஏரிக்கரையில் ஒரு மேடை. வேலை தச்சருக்கே வந்தது. மனிதர் சோறு தண்ணி மறந்தார். சரிவு கூடினால் அவள் கை வலிக்குமே என்று ஏற்றத்தை மூன்றாக மடித்து வளைத்தார். பலகைச் சந்தில் சக்கரம் மாட்டுமோ என்று குனிந்து குனிந்து பார்த்தார். அவளுடைய பழைய நாற்காலியில் மணல் மூட்டையை ஏற்றி, தினமும் பாதை நெடுகத் தள்ளிச் சோதித்தார். மேடைக்குக் கைப்பிடிச் சுவர் வைக்கும்போது, குழந்தைகள் சந்தில் நுழைந்து தண்ணீரில் விழுந்துவிடக் கூடாது என்றார் வனக்காவலர். நம் தச்சருக்கு அது போதாதா? எறும்பு நுழைய இடமில்லாமல் பலகைகளை இழைத்து நெருக்கி அடித்தார்.

திறப்பதற்கு முதல் நாள் மாலை அவளைக் கூப்பிட்டு, "நீ போயிட்டு வா. நான் வரல" என்றார். இதைவிடப் பெரிய சீதனத்தை அவளுக்கு யாரும் கொடுத்ததில்லை. அவர் டிக்கெட் மேசையில் உட்கார்ந்துகொள்ள, அவள் புறப்பட்டாள்.

சக்கரத்துக்கு அடியில் பலகை கடகடத்தது. வேரெல்லாம் கீழே கிடந்தது. ஓடை மேல் நின்றாள், நிற்க வேண்டும் என்று தோன்றியதால் நின்றாள். யாரோ சொல்லிக் கேட்ட பாறை இதுதானா என்று பார்த்தாள். வழியில் ஒரு கிளையைத் தொட்டுப் பார்த்தாள். அவசரப்படுத்த ஆளில்லை. வளைவு வந்தது. திரும்பினாள்.

எதிரே பலகை இருந்தது.

கைப்பிடியின் மேல் கட்டை அவள் நெற்றிக்கு நேராக நின்றது. அதற்குக் கீழே இழைத்த பலகைதான். கைகளை ஊன்றி எம்பிப் பார்த்தாள், வானம் கொஞ்சம் தெரிந்தது. தண்ணீர் தூணில் மோதுகிற சத்தம் காலடியில் கேட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதுதான். வனக்காவலர் அங்கே முழங்கையை ஊன்றிச் சாய்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படிக்கா இருக்கு ஏரி?" என்று திரும்பாமலே கேட்டார். "நல்லா இருக்கு சார்" என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தாள். ஏரியைப் பற்றிப் பேச அவளுக்குச் சொல்லியா தர வேண்டும்? வாசலில் தச்சர் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு பொய் சொன்னால் மனிதர் நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் நாளை முதல் வேறு நாற்காலிகள் வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. தவிர, ஏரியும் அவளுக்கு வேண்டியிருந்தது.

நாற்காலியிலிருந்து மேசைப் பெஞ்சுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். "நீங்க இதுல உக்காந்து ஒரு தடவை போயிட்டு வாங்க" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. கூச்சப்பட்டார். அவள் விடவில்லை. தட்டுத் தடுமாறிச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு மரங்களுக்குள் மறைந்தார். நாற்காலியில்லாத அவள் பெஞ்சோடு பெஞ்சாகக் காத்திருந்தாள்.

திரும்பி வந்தபோது நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார். முகத்தில் ரத்தமில்லை.

"மூட்டை போகுதான்னுதான் பார்த்திருக்கேன்" என்றார். "நீ பார்க்கணுமேன்னு எனக்குத் தோணவே இல்லையே."

அவர் ஆணி பிடுங்கியை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார். வனக்காவலர் கத்துவது வாசல் வரை கேட்டது. மேல் கட்டை அப்படியே இருக்கிறது, கீழ்ப்பலகை இருக்கிறது, குழந்தை நுழைகிற சந்து இல்லை, நடுப்பலகை ஒன்றுதான் என்று தச்சர் பதில் சொல்வதும் கேட்டது. பிறகு ஆணிகள் கிறீச்சிடும் சத்தம் மட்டும் வந்தது. பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர், "இப்ப போ" என்றார். அவள் நாற்காலிக்கு மாறினாள், அவர் அதன் பிடியைத் தொடவில்லை.

வெளிச்சம் மிச்சமிருந்தது. வனக்காவலர் எங்கோ போயிருந்தார். அவள் சந்துக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தினாள். ஏரி இருந்தது. அவள் ஊருக்கெல்லாம் சொல்லி வந்ததைவிடச் சின்னதாக இருந்தது. அது அவளுக்குக் குறையாகப் படவில்லை. கண்ணீர் வந்து மறைத்தது, துடைத்துவிட்டுப் பார்த்தாள். இடது பக்கம், வலது பக்கம், தன் இஷ்டத்துக்குப் பார்த்தாள். எதிர்க்கரையில் ஒரு ஒற்றையடிப் பாதை மேட்டில் ஏறி மரங்களுக்குள் போய் மறைந்தது. அதைப் பற்றி இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. தண்ணீரை விட்டுவிட்டு அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏரியை ஒரு தடவை பார்த்துவிட்டால் அடங்கிவிடும் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தாள். அடங்கவில்லை.

வாசலுக்கு வந்ததும் அவர் எழுந்து நின்றார், ஆனால் எதுவும் கேட்கப் பயந்தார்.

"அந்தக் கரையில ஒரு பாதை ஏறிப் போகுதே," என்றாள். "அது எங்கங்க போகுது?"

அந்தக் கோடை முழுக்க அதற்கு நேர் எதிரே நின்று வேலை செய்தவர் அவர்.

"தெரியலையே" என்றார்.

"எனக்கும் தெரியல" என்றாள் ஏரியக்கா.