ஒன்றும் இரண்டும் போட்டுப் பார்த்தவர்

பல்கலைக்கழகக் கணிதத்துறையில் அவரைச் சமனின்மை சார் என்றால்தான் தெரியும். 'இது அதைவிடப் பெரிதில்லை' என்று நிரூபிப்பதே அவர் பிழைப்பு. தண்ணீர்போல் இடைவிடாமல் ஓடும் காலத்துக்கு ஒரு கணக்கு, படியேறுவதுபோல் தாவித்தாவிப் போகும் காலத்துக்கு வேறொரு கணக்கு என்று உலகம் இரண்டு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது, சார் இரண்டையும் ஒரே தேற்றத்தில் அடக்கினார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கட்டுரை மட்டும் மூன்று: பொதுவாக ஒன்று, ஓடுவதற்கு ஒன்று, தாவுவதற்கு ஒன்று.

அந்தத் தேற்றத்தை நம்பித்தான் பேராசிரியர் பதவிக்கான நேர்காணலுக்குக் கிளம்பினார். ஓய்வுக்கு முன் அதுதான் கடைசி வாய்ப்பு. குழுவில் யாராவது உதாரணம் கேட்டுத் தொலைத்தால் என்ன செய்வது என்று, முதல்முறையாக அதில் எண்களைப் போட்டுப் பார்த்தார். அந்தத் தொழிலில் எண்களைத் தொடுவது கௌரவக் குறைச்சல்; அதற்குத்தான் பள்ளிக்கூடம் இருக்கிறதே! ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தாவினால் வர்க்கம் ஒன்றிலிருந்து நான்காகிறது, மூன்று கூடுகிறது. சாரின் நிரூபணமோ இரண்டுதான் கூடும் என்றது. ஓடும் காலத்தின் விதியைத் தாவும் காலத்துக்கும் மாட்டிவிட்டிருந்தார். பரிசீலித்த மேதைகள், பாராட்டிய மேதைகள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. படித்தால்தானே படும்?

நேர்காணலில் குழுத்தலைவர் வாயெல்லாம் பல்லாக, "உங்க தேற்றம் அபாரம் சார்" என்றார்.

சாருக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அது தப்புங்க" என்று எழுந்து, பலகையில் ஒன்றையும் இரண்டையும் போட்டுக் காட்டினார்.

தலைவர் எழுந்துபோய்ப் பலகையைத் தானே துடைத்தார். "அதைப் பொதுமைப்படுத்தி நான் எழுதியிருக்கேன். என்னோடதைப் பொதுமைப்படுத்தி இதோ குழுவுல இருக்கிற இவர் எழுதியிருக்கார். இப்ப வந்து ஒண்ணு, ரெண்டு எண்ணிக்கிட்டிருக்கீங்க?"

"ஒரு திருத்தம் போட்டுட்டா..."

"பேராசிரியர் ஆயிட்டீங்கல்ல, அதெல்லாம் நிதானமாப் பாத்துக்கலாம். வாழ்த்துகள். போயிட்டு வாங்க."

சார் அந்தப் பதவியோடுதான் திரும்பினார். வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

வெளியே, விரிவுரையாளர் வேலைக்கான நேர்காணலுக்கு அவருடைய பழைய மாணவி காத்திருந்தாள். அவள் முனைவர் பட்டமே அந்தத் தேற்றத்தின் மேல் கட்டியது.

"பயமா இருக்கு சார். உங்க தேற்றத்தைத்தான் மலைபோல நம்பியிருக்கேன்."

சார் அவள் முகத்தைப் பார்க்காமல் கதவைத் திறந்து பிடித்தார்.

"உள்ள இருக்கிறவங்களும் அதைத்தாம்மா நம்பியிருக்காங்க. தைரியமாப் போ."